நாட்டு நாய்க்குட்டி வளர்ப்பு: முதல் ஆறு மாதத்தில் எதை எப்போது செய்வது

நாய்க்குட்டி வாங்கியவர்கள் முதல் வாரமே கேட்பது, “ஷேக் ஹேண்ட் எப்பக் கத்துக் குடுக்கலாம்?” என்பதைத்தான். அது ஐந்தாம் மாதத்து வேலை. செய்யாமலே விட்டாலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் மூன்றாம் மாதத்துக்குள் முடித்தாக வேண்டிய வேலைகள் சில உண்டு. அவற்றை விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது பெரும்பாடு. மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் குட்டி வளர்க்கிறவர்களுக்கு அக்கறை நிறையவே இருக்கிறது. வரிசைதான் மாறிப் போகிறது.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை ஆகிய நாட்டு இனங்களையும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குட்டிகளையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. குட்டி வருவதற்கு முன்

முதலில் ஆளை முடிவு செய்யுங்கள். அதிகாலையில் யார் எழுந்து வெளியே கொண்டுபோவது, யார் சோறு வைப்பது, பகலில் வீட்டில் யார் இருப்பது? “எல்லாரும் பாத்துக்குவோம்” என்று சொல்லும் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. பகல் முழுக்கப் பூட்டியிருக்கும் வீடு என்றால், இரண்டு மாதக் குட்டி இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்து தரை. வழவழப்பான டைல்ஸ், கிரானைட் தரையில் குட்டியின் பின்னங்கால்கள் வழுக்கி விரியும். வளர்கிற எலும்புக்கு அது கெடுதல். அது நடமாடும் இடத்தில் சாக்கு, பழைய ஜமுக்காளம், ரப்பர் பாய் எதையாவது விரியுங்கள்.

எலி மருந்து, கரப்பான் சாக்பீஸ், தரையில் கிடக்கும் வயர், மூடி சரியில்லாத தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் குட்டி வருமுன் சரிசெய்துவிடுங்கள். வாசலில் அரளி இருந்தால் குட்டியின் வாய்க்கு எட்டாமல் அடைப்பு வையுங்கள். அரளியின் இலை, பூ, குச்சி எல்லாமே விஷம்.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை: குட்டி வரப்போகும் வீட்டில் கடந்த ஓராண்டில் வாந்தி, ரத்தப்போக்கு வந்து ஏதாவது குட்டி செத்ததா? அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருந்திருந்தால் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பினாயிலுக்கு அது மசியாது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண் தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே ஊசி முடியாத குட்டியை விடாதீர்கள்.

2. குட்டியைப் பார்க்கப் போகும்போது

எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். விற்கவும் கூடாது என்று 2017இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்தினால் எதிராளிக்கு வலிக்கும் என்று குட்டி தெரிந்துகொள்கிறது. முப்பது நாளில் பிரித்தெடுத்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. உங்கள் கையில்தான் அது பிற்பாடு படிக்கும்.

விற்பவர் சொல்லும் வயதை அப்படியே நம்பாமல் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பால் பற்கள் 28ம் ஏறக்குறைய முளைத்திருக்கும். கடைவாயில் ஒன்றுமே இல்லாமல் வெறும் ஈறாக இருந்தால் வயது குறைவு. நடை தள்ளாடுவது, கண்ணில் நீலம் பாரித்திருப்பது, பால் தவிர எதையும் தொடாதது ஆகியவையும் அதையே சொல்லும்.

தாயைக் காட்டச் சொல்லுங்கள். அறியாத ஆளைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒடுங்குகிற தாயின் குட்டிகளும் பெரும்பாலும் கூச்சத்தோடுதான் வளரும்.

வெள்ளை ராஜபாளையம் என்றால் காது கேட்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சில குட்டிகளுக்கு வரும். மற்ற குட்டிகளோடு சேர்ந்திருக்கும்போது பார்த்தால் தெரியாது; அவை திரும்பினால் இதுவும் திரும்பிவிடும். தனியாக எடுத்துவந்து, வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருக்கையில் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையில் போடாதீர்கள், அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடும்.

3. முதல் மூன்று நாள்

காலை நேரத்தில் கொண்டுவாருங்கள். இருட்டுவதற்குள் வீட்டின் வாசனை குட்டிக்குப் பிடிபட்டுவிடும். வரும்போது தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டும், அங்கே தின்றுகொண்டிருந்த தீனியில் மூன்று நாளைக்கானதும் வாங்கி வாருங்கள். இடமும் மாறி, சாப்பாடும் அன்றே மாறினால் வயிற்றால் போகும். அப்புறம் அது பார்வோவா, சாப்பாடு ஒத்துக்கொள்ளாததா என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

முதல் ராத்திரி அழும். “அழுது அழுது அடங்கட்டும்” என்று வராண்டாவில் கட்டிப்போடுவதுதான் இங்கே வழக்கம். பிறந்ததிலிருந்து ஒருநாளும் தனியாகப் படுக்காத ஜீவன் அது. கட்டிலுக்குப் பக்கத்தில் உயரமான அட்டைப்பெட்டியோ கூடையோ வைத்து, தாயின் துணியைப் போட்டு, அதில் படுக்க விடுங்கள். முனகினால் கையைத் தொங்கவிட்டால் போதும். ஒரு வாரம் கழித்துப் பெட்டியை நாளுக்குக் கொஞ்சமாக, கடைசியில் அது எங்கே படுக்க வேண்டுமோ அங்கே நகர்த்திக்கொண்டு போங்கள்.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். குட்டி நாளுக்கு 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். ஆளாளுக்குத் தூக்கினால் அது நடக்காது. தூக்கம் கெட்ட குட்டிதான் சாயங்காலம் கண்மண் தெரியாமல் கடிக்கும்.

4. ஊசியும் பூச்சி மருந்தும்

முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள். பிறகு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று. கடைசி ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும். வெறிநோய்க்கான ஊசி 12 வாரம் முடிந்ததும் தனி.

“ஒரே ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுறாங்க?” என்று கேட்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது முறியடித்துவிடும். அந்தச் சக்தி ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்தில் தீரும், இன்னொன்றுக்குப் பதினான்காவது வாரத்தில் தீரும். எப்போது தீர்ந்தாலும் அதையடுத்து ஓர் ஊசி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அடுக்கு. ஆகவே, “ரெண்டு ஊசி போட்டாச்சு, போதும்” என்பது கணக்கில் சேராது.

விற்பவரே போட்டுவிட்ட ஊசியை, அட்டையில் மருத்துவர் கையெழுத்தும் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் இல்லையென்றால், போடாததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. மே மாத வெயிலில் சட்டைப்பையில் வந்த மருந்து வெறும் தண்ணீர்.

பூச்சி மருந்து: பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அளவு குட்டியின் எடைப்படி. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் கண்மதிப்பில் கொடுக்க வேண்டியிருக்காது. மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் நூல் நூலாகப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது.

வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, சுருண்டு படுத்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே, அந்த நேரமே மருத்துவரிடம் போங்கள். மோர், மாதுளைத்தோல் என்று வீட்டில் பார்க்கும் ஒரு ராத்திரியில்தான் பார்வோக் குட்டிகள் போகின்றன. அவற்றைக் கொல்வது பெரும்பாலும் உடம்பின் தண்ணீர் வற்றுவது. நரம்பு வழியாக நீர் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கின்றன.

5. சாப்பாடு

இரண்டு மாதத்தில் நாளுக்கு நான்கு வேளை, நான்காம் மாதத்தில் மூன்று, ஆறாம் மாதம் முதல் இரண்டு. குறித்த நேரத்துக்கு வையுங்கள். பதினைந்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். நேரத்துக்கு உள்ளே போனால்தான் நேரத்துக்கு வெளியே வரும், அடுத்த பகுதிக்கு அது ரொம்ப முக்கியம். தண்ணீர் மட்டும் எந்நேரமும் இருக்கட்டும்.

அப்பத்தாக்கள் கிண்ணத்தில் பசும்பால் ஊற்றுவார்கள். பல குட்டிகளுக்கு அது செரிக்காமல் வயிற்றால் போகும். டீக்கடைப் பொறையும் கிரீம் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பும், வேறொன்றும் செய்யாது. குழம்பு ஊற்றிய சோற்றில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை. பாயசத்து உலர் திராட்சையும் சாக்லேட்டும் கூடவே கூடாது.

சோறு அல்லது கேப்பைக் களி, அதோடு உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த எலும்பில்லாக் கோழியும் முட்டையும் நல்ல சாப்பாடுதான். ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து போதாது. கறியும் சோறும் மட்டுமே தின்று முன்னங்கால் வளைந்த குட்டிகளை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம். பாதிக்குப் பாதி கடைத் தீனி, அதிலும் குட்டிகளுக்கென்றே உள்ளது, கலந்து கொடுத்தால் கவலை விட்டது. கால்சியம் டானிக்கை அளவு கேட்காமல் ஊற்றாதீர்கள், கூடினாலும் எலும்பு கோணும். வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், அதனால் அதுவும் வேண்டாம்.

சிப்பிப்பாறை, கன்னிக் குட்டிகளுக்குக் கடைசி இரண்டு விலா எலும்பு தெரிவது இயல்பு. பார்ப்பவர்கள் “சோறே போடுறதில்லையா?” என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும். உடம்பு ஒட்டி வயிறு மட்டும் உப்பியிருந்தால்தான் கவனிக்க வேண்டும், பெரும்பாலும் அது புழு.

6. ஒன்றுக்கு, இரண்டுக்குப் பழக்குதல்

வழிமுறை எளிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து இருபது நிமிடத்திலும், விளையாடி முடித்ததும், படுக்கப்போகும் முன்பும் வெளியே கொண்டுபோக வேண்டும். தோற்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்களில்.

தூக்கிக்கொண்டு போங்கள். நடத்திக்கொண்டு போனால் பாதி வழியில் ஹாலிலேயே உட்கார்ந்துவிடும். எப்போதும் ஒரே இடத்தில் இறக்கிவிடுங்கள், பழைய வாசனை அதற்கு ஞாபகமூட்டும். நீங்கள் பேசாமல் நில்லுங்கள். கொஞ்சினால் வந்த வேலையை மறந்து உங்கள் காலைச் சுற்றும்.

போய் முடித்த அந்த நொடியே, அந்த இடத்திலேயே ஒரு துண்டு கோழி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், ‘உள்ளே வந்ததற்குப் பரிசு’ என்றுதான் அதற்குப் படும். முடித்ததும் உடனே உள்ளே தூக்கிவராமல் ஐந்து நிமிடம் விளையாட விடுங்கள். போனவுடன் வெளியுலகம் முடிந்துவிடும் என்று தெரிந்தால் குட்டி அடக்கிவைத்துக்கொள்ளப் பழகும், அப்புறம் உள்ளே வந்து சோபா ஓரத்தில் விடும்.

வீட்டுக்குள் இருக்கும்போது அதன் மூக்கைப் பாருங்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று பொம்மையைக் கீழே போட்டுவிட்டு, தரையை முகர்ந்தபடி ஒரே இடத்தில் சுற்றும், வால் அடியில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். அந்த நான்கைந்து நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போச்சு.

பிறகு பார்த்தால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கை அதில் வைத்துத் தேய்ப்பது, அடிப்பது எதுவும் பயன் தராது. ‘இங்கே போகக்கூடாது’ என்று அது படிப்பதில்லை. ‘இவர் முன்னால் போகக்கூடாது’ என்று படிக்கிறது. பீரோவுக்குப் பின்னால் தேடிப்போய் ஒன்றுக்குப் போகும் குட்டிகள் எல்லாம் அடிவாங்கிய குட்டிகள். துடைத்த இடத்தில் சோப்புத் தண்ணீருக்குப் பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் ஒருமுறை துடைத்தால் வாசனை போகும். வாசனை நின்றால் திரும்ப அங்கேதான் வரும்.

எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் மணிக்கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், அதுவும் அதிகபட்சம். இரவு 11, 2, 5 என்று அலாரம் வைத்தால் இரண்டு வாரத்தில் நடுச்சாம அலாரம் தானே தேவையில்லாமல் போகும்.

ஊருக்குள் அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஊசி முடியும்வரை மொட்டைமாடியிலோ பாத்ரூமிலோ பழக்குவீர்கள், வேறு வழியில்லை. ஆனால் எந்தத் தரையில் போய்ப் பழகுகிறதோ அந்தத் தரையைத்தான் குட்டி ஆயுசுக்கும் தேடும். சிமெண்ட்டில் பழகியது பிறகு மண்ணில் இறக்கினால் திருதிருவென்று விழித்துவிட்டு மாடிக்கு வந்து போகும். ஆகவே மாடியிலேயே ஒரு பெரிய டிரேயில் மண்ணும் கொஞ்சம் புல்லும் போட்டு, முதல் நாளிலிருந்தே அதில் விடுங்கள்.

7. தொட்டுப் பழக்குதல், உண்ணி பார்த்தல்

நாளுக்கு இரண்டு நிமிடம் போதும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது காதைப் புரட்டுங்கள், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்கள், பாதத்தை அழுத்தி விரல்களைப் பிரியுங்கள். நகத்தின் நுனியைத் தொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் துணுக்குத் தீனி. இப்போது செய்யாவிட்டால் 25 கிலோ எடையில் மருத்துவர் மேசைமேல் வாயைக் கட்டிச் செய்ய வேண்டியிருக்கும்.

இதே நேரத்தில் உண்ணியும் பார்த்துவிடலாம். காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், தொடை இடுக்கு ஆகிய நான்கு இடமும் தினமும். நம் பக்கத்துச் சூட்டுக்கு வருடம் முழுக்க உண்ணி உண்டு. அது கடத்தும் காய்ச்சலில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வரும். உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை மிச்சம் இருக்கிறதே என்று குட்டிக்கு ஊற்றாதீர்கள். செறிவு கூடினால் வலிப்பு வந்து சாகும். சொறிக்கு வண்டியின் கழிவு ஆயில் தடவுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் அதே ரகம். நக்கி உள்ளே போனால் நுரையீரலும் கல்லீரலும் போய்விடும்.

8. சத்தம், ஆள், கூட்டம்: பதினான்காவது வாரத்துக்குள்

இங்கேதான் இரண்டு காலக்கெடுக்கள் மோதுகின்றன. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி பார்க்கிற புதுசையெல்லாம் ‘உலகம் இப்படித்தான் போல’ என்று ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு புதுசு என்றாலே சந்தேகம். ஆனால் ஊசி பதினாறு வாரம் நிறைந்த பிறகுதான் முடிகிறது. ஊசி முடியட்டும் என்று நான்கு மாதம் வீட்டுக்குள் பூட்டினால் உடம்பு பிழைக்கும், மனசு பயந்ததாகிவிடும். நாட்டு வேட்டை இனங்கள் இயல்பிலேயே அந்நியரிடம் ஒதுங்குபவை. அவற்றுக்கு இந்த வாரங்கள் போனால் போனதுதான்.

தூக்கிக்கொண்டு போவதுதான் வழி. கால் தெருவில் படாமல், துண்டில் சுற்றியோ கூடையில் வைத்தோ கொண்டுபோங்கள். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரோரம் பத்து நிமிடம் நின்றால் போதும்: பிள்ளைகள் ஓட்டம், கடலை வண்டி, ஆட்டோ ஹாரன், பலூன் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கிராமத்தில் என்றால் டீக்கடை ஓரம். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கம்பு ஊன்றிய தாத்தா, சிலிண்டர் தூக்குபவர், மூட்டை சுமப்பவர் என்று வித விதமாகக் காட்டுங்கள். யாரும் தொட வேண்டும் என்றில்லை, பார்த்தாலே போதும்.

அளவுகோல் ஒன்றே. கையில் கோழித் துண்டை நீட்டுங்கள். தின்றால் அந்தத் தூரம் சரி. மூக்கைத் திருப்பிக்கொண்டால் தூரம் போதாது, பின்வாங்குங்கள். “பழகட்டும்” என்று பயந்த குட்டியைக் கூட்டத்துக்கு நடுவில் பிடித்து நிறுத்தினால் பயம்தான் பழகும்.

சத்தத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். இது மதுரை. சித்திரைத் திருவிழாவுக்கு வேட்டு, கோயில் கொடைக்குக் குழாய் ஸ்பீக்கர், உறுமி, கொட்டு, போதாததற்கு எந்த நேரத்திலும் சாவு வெடி. கைபேசியில் வெடிச்சத்தத்தையும் கொட்டுச்சத்தத்தையும் மிகக் குறைவாக வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடுங்கள். தின்பதை நிறுத்தாதவரை சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு தொடங்கிப் பிரயோஜனம் இல்லை, இரண்டு மாதம் முன்பு தொடங்குங்கள். நிஜமான தெருவெடி வரும்போது குட்டி ஓடிவந்து உங்களை ஒட்டினால் ஒட்டவிடுங்கள். அணைப்பதால் பயம் கூடுவதில்லை.

ஊசி போட்ட, சாதுவான பெரிய நாய் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அங்கே கொண்டுபோய் விளையாட விடலாம். தெருநாய்களோடு இப்போது வேண்டாம்.

9. கடி

எட்டாவது வாரத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை கடிக்கும். பால் பல் ஊசிபோல இருக்கும். பல் கையில் பட்ட அந்தக் கணமே விளையாட்டை நிறுத்தி, பேசாமல் எழுந்து, அரை நிமிடம் வேறு பக்கம் போய்விடுங்கள். திரும்பி வந்து கடிக்கத் தகுந்த ஒன்றைக் கொடுங்கள்: நனைத்து முடிச்சுப்போட்டு ஃப்ரீசரில் வைத்த துணி, குளிர்ந்த கேரட். தேங்காய் மட்டை வேண்டாம், நாரை விழுங்கினால் குடலில் சிக்கும்.

மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது இரண்டும் கையைக் கண்டாலே பதுங்கும் நாயை உண்டாக்கும். நாளைக்குக் குழந்தை தடவ வரும்போது அது கடிப்பதற்கான காரணம் இங்கே விதைத்ததாக இருக்கும். கத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகளும் ஆடும் பாவாடை நுனியும் குட்டிக்கு விளையாட்டு அழைப்பு. பிள்ளைகளிடம், “கடிச்சா மரம் மாதிரி நில்லு” என்று சொல்லிப் பழக்குங்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் பேய் பிடித்ததுபோல் கடித்தால் பயிற்சி வேண்டாம், படுக்க வையுங்கள்.

தோல் கிழிந்தாலோ கீறினாலோ, உங்கள் வீட்டுக் குட்டியாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். மூன்று மாதம் ஆகாத குட்டிக்கும் வெறிநோய் வரும்.

10. பேரும் “வா”வும்

மூன்றாம் மாதத்தில் இது போதும். பேரைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்தால் தீனி. பிறகு “வா” என்று ஒரே ஒருமுறை; வந்தால் தீனி. அப்பா “வாடா”, அம்மா “இங்க வா”, பையன் “கம் ஹியர்” என்று மூன்று விதமாகக் கூப்பிட்டால் மூன்றும் பதியாது. வீட்டில் ஒரு சொல்லை முடிவு செய்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

கூப்பிட்டு வரவழைத்துத் திட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், கட்டிப்போடாதீர்கள். அந்த மூன்றுக்கும் நீங்களே போய்த் தூக்கிவாருங்கள். “வா” என்ற சொல் ஒருநாள் அதை லாரியில் அடிபடாமல் நிறுத்தித் திருப்ப வேண்டியிருக்கும், அதைச் செலவழித்துவிடக் கூடாது.

உட்கார், இரு, படு எல்லாம் இதன்பிறகு தானே வரும். தீனியை மூக்குக்கு மேலே பின்னோக்கி நகர்த்தினால் பின்புறம் தரையில் அமரும். இரண்டு நிமிடப் பயிற்சி, சாப்பாட்டுக்கு முன்.

11. கயிறும் பட்டையும்

பத்தாவது வாரம் மெல்லிய துணிப் பட்டையை மட்டும் போடுங்கள். இரண்டு விரல் நுழைய வேண்டும். வாரம் ஒருமுறை பாருங்கள். குட்டி வளரும், பட்டை வளராது. பட்டை பழகியபின் இரண்டு முழக் கயிறைக் கட்டி, உங்கள் கண்முன்னால் வீட்டுக்குள் இழுத்துத் திரிய விடுங்கள். அப்புறம்தான் மறுமுனையைக் கையில் பிடிப்பது. கயிறு இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள்.

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை கழுத்தைவிட ஒடுக்கம். சாதாரணப் பட்டையைப் பின்வாங்கி உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் அளவாக இறுகும் அகலப் பட்டை வாங்குங்கள். இரும்புச் சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிவைப்பது காவலுக்கு நல்லது என்று நம்புகிறார்கள். அப்படி வளர்ந்தது போகிற வருகிறவரையெல்லாம் பார்த்துக் குரைக்கும். திருடன் யார், தபால்காரர் யார் என்று அதற்குத் தெரியாது.

12. கோழி, ஆடு இருக்கும் வீடுகளுக்கு

மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கம் நாய் வீட்டைவிட்டுத் துரத்தப்படும் முதல் காரணம் கோழி. ஓடுவதைத் துரத்துவது இந்த இனங்களின் ரத்தத்தில் இருக்கிறது. முதல்முறை துரத்தி, சிறகு வாயில் பட்டுவிட்டால் அதைவிடப் பெரிய பரிசு எதையும் உங்களால் தர முடியாது. ஆகவே அந்த முதல் துரத்தல் நடக்காமல் பார்ப்பதே முழு வேலையும்.

பத்துப் பன்னிரண்டு வாரத்தில் தொடங்குங்கள். கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு, குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு இருபதடி தள்ளி உட்காருங்கள். பஞ்சாரத்தையே முறைக்கும், காது முன்னால் வரும். பேசாமல் இருங்கள். எப்போதாவது ஒருமுறை உங்களைத் திரும்பிப் பார்க்கும். அப்போது தீனி. திரும்புவது சுலபமாக வரும்போது இரண்டடி நெருங்குங்கள். பஞ்சாரத்துக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் நிலை வரும்வரை அடுத்த படி வேண்டாம்.

அடுத்து, கோழிகள் மேய்ந்துகொண்டிருக்க, குட்டி கயிற்றில். நகரும் கோழி புதுப் பாடம், திரும்ப இருபதடியிலிருந்து தொடங்க வேண்டும். கோழிகள் காலை திறந்துவிட்டதும் படபடவென்று ஓடும், அந்த நேரத்தைத் தவிர்த்து மதியம் அவை குப்பையைக் கிளறும் நேரத்தில் செய்யுங்கள். குஞ்சுகளோடு உள்ள தாய்க்கோழியிடம் மட்டும் விடாதீர்கள். அது கண்ணைக் கொத்திவிடும்.

கயிறில்லாமல் தனியே விடுவது ஒரு வயதுக்கு முன் வேண்டாம். ஐந்தாம் மாதம் வரை சாதுவாக இருந்தது எட்டாம் மாதத்தில் ஒருநாள் துரத்தும். கோழியைப் பிடித்துவிட்டால் அடிப்பதால் ஆவது ஒன்றுமில்லை. கயிற்றுக்குத் திரும்புங்கள், முதல் படியிலிருந்து. ஆட்டுக்கும் இதே வழிதான், இன்னும் எளிது. ஆடு திரும்பி முட்டும்.

13. வெயிலும் ஓட்டமும்

காலை ஏழுக்கு முன், மாலை பொழுது சாய்ந்த பின். புறங்கையைத் தார்ரோட்டில் ஏழு நொடி வைக்க முடியவில்லையென்றால் குட்டியின் பாதமும் தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் நாக்கு தொங்கி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிவந்து சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறியபடியே மருத்துவரிடம் போங்கள்.

டிவிஎஸ் ஃபிஃப்டிக்குப் பின்னால் ஓடவிட்டால் வேகம் வரும் என்று நான்கு மாதத்திலேயே கட்டி ஓட்டுகிறார்கள். எலும்பின் வளரும் நுனிகள் ஏறக்குறைய ஒரு வயதில்தான் மூடும். அதற்கு முன் ஓட்டினால் காலில் நிரந்தரக் கோளாறு வரலாம். அதுவாக ஓடி, அதுவாக நிற்கும் விளையாட்டு போதும். முயல் வேட்டை சட்டப்படி குற்றம்.

14. ஐந்தாம், ஆறாம் மாதம்

பால் பல் விழுந்து 42 பற்களும் வரும். கோரைப்பல் விழாமலே பக்கத்தில் புதுசு முளைத்து இரட்டையாக நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், தானாக விழும் என்று விட்டால் தாடை ஒத்துப்போகாது. நன்றாக வந்துகொண்டிருந்த “வா” திடீரென்று காதில் விழாதது போலாகும். வயது அப்படி. நீளக் கயிறு கட்டி மூன்றாம் மாதத்துப் பாடத்தைத் திரும்ப எடுங்கள், கோபப்பட வேண்டாம். ஷேக் ஹேண்ட் ஆசை இருந்தால் இப்போது சொல்லிக்கொடுக்கலாம்.

பெண் குட்டி என்றால் ஆறாம் மாதத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பருவத்துக்கு வரும். கருத்தடை எப்போது செய்வது என்று அதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி நாள் குறித்துவிடுங்கள். முந்திக்கொண்டு வந்துவிட்டால் ஏறக்குறைய மூன்று வாரம், ரத்தம் நின்றுபோன மாதிரி தெரியும் நாட்கள் உட்பட, கயிறில்லாமல் வாசலுக்கு விடாதீர்கள். ஐந்தடிச் சுற்றுச்சுவரைத் தெருக் கடுவன்கள் ராத்திரியில் தாண்டி வரும், பக்கத்து வீட்டு மாடி வழியாகவும் வரும். மொட்டைமாடிக் கதவையும் சேர்த்துப் பூட்டுங்கள்.